பழைய கோர்ட்டு, இருக்கிறபடியே

ஆகஸ்ட் 18

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. எடை குறைவாக இருக்கிறதோ என்று சந்தேகம். சிலிண்டர்க்காரரிடம் வீட்டுக்காரி உலகம்மைதான் சண்டை போட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

கோர்ட்டில் இன்றைக்கு அதிகாரப்பூர்வமாகச் சொல்லிவிட்டார்கள். இந்த மாதக் கடைசியோடு மேலச்செங்கரை நீதிமன்றம் பைபாஸ் ரோட்டில் கட்டியிருக்கும் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. பழைய கோர்ட்டை இடித்துவிட்டு நகராட்சி அங்கே வணிக வளாகம் கட்டப்போகிறதாம். கீழே கடைகள், மேலே திருமண மண்டபம். நூறு வருஷத்துக்கு மேலாகப் புருஷன் பெண்டாட்டியைப் பிரித்துவைத்த இடத்தில் இனிமேல் சேர்த்துவைப்பார்கள்.

பார் ரூமில் ஒருவருக்கும் துக்கமில்லை. கார் நிறுத்த இடம் இருக்கிறதாம், லிஃப்ட் இருக்கிறதாம், ஏசி இருக்கிறதாம். அரசு வக்கீல் ஆவுடையப்பன் என்னோடு ஒரே வருஷம் கறுப்புக் கோட்டு மாட்டியவன். அவன் வந்து முதுகில் தட்டினான்.

"என்ன வே கோமதி, மூஞ்சி தொங்கிக் கெடக்கு? இனிமே வவ்வா நாத்தம் கிடைக்காதேன்னு வருத்தமா?"

நான் தக்க பதில் சொன்னேன். அவன் காதில் கையை வைத்து "என்ன வே?" என்றான். திரும்பச் சொன்னேன். மறுபடியும் "என்ன?" பார் ரூம் மின்விசிறி அவ்வளவு சத்தம் போடுகிறது. நல்ல பதில் ஒன்று வீணாகிவிட்டது.

ஆகஸ்ட் 21

இடிக்கக் கூடாது என்று வழக்குப் போடப்போகிறேன். வாதியும் நானே, வக்கீலும் நானே. பிராதில் கட்டடத்தின் வரலாற்றை எழுத வேண்டும். இந்த ஊரில் அதை எழுத என்னை விட்டால் ஆளில்லை. போன வருஷம் வக்கீல் சங்க மலருக்குக் கட்டுரை எழுதியவன் நான்தான்.

முதலில் அங்கே உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி இருந்திருக்கிறது. ஒரு புயலில் அது படுத்துவிட, அதே கடைக்காலின்மேல் 1898-இல் கோர்ட்டு எழும்பியது. நான்கு பக்கமும் வளைவுகள் வைத்த தாழ்வாரம். சுவர் இரண்டரை அடி கனம். கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகச் சுவரில் செருகி, அதன்மேல் செங்கலைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் கட்டி, மேலே தட்டோடு பாவியது. சிமெண்டு ஒரு கரண்டிகூடக் கிடையாது. அந்தக் காலத்துத் துணி விசிறியான பங்காவை இழுத்த கயிறு போன ஓட்டை இன்னும் சுவரில் இருக்கிறது. ஜன்னல்கள் சாட்சிக் கூண்டுக்கு எதிரே உயரத்தில் இருப்பதால் வெளிச்சம் நேராகச் சாட்சியின் முகத்தில் விழும். பொய் சொன்னால் தெரிந்துவிடும். நீதிபதியின் முகம் நிழலில் இருக்கும். அவர் தூங்கினால் தெரியாது.

எல்லாவற்றையும்விட மாடம். நீதிபதியின் நாற்காலிக்குப் பின்னால் சுவர் அரைவட்டமாக உள்வாங்கி, மேலே கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி வளைந்து முடிகிறது. வக்கீல்கள் நிற்கும் நடுமேசையிலிருந்து பையப் பேசினாலும் மாடம் அதை ஏந்தி நீதிபதியின் காதில் போட்டுவிடும். முதலில் இருந்த துரைக்குக் காது மந்தம், அவர் கேட்டுத்தான் இப்படிக் கட்டினார்கள் என்று மலரில் எழுதியிருக்கிறேன். ஆதாரம் கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். ஆனால் யாரோ ஒருவன் உட்கார்ந்து யோசித்துத்தான் அந்த வளைவைப் போட்டிருக்கிறான். அவன் நன்றாக இருக்க வேண்டும்.

உலகம்மை அதிமதுரம் தட்டிப் போட்டு வெந்நீர் வைத்துத் தந்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் கட்டி எடுத்ததிலிருந்து தொண்டை கொஞ்சம் கம்மல். வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 24

ஜெபசீலி வந்தாள். என்னிடம் ஜூனியராக இருந்துவிட்டுப் போன வருஷம் தனியாகப் போனவள். வழக்கு முடியும்வரை கட்டடத்தை இப்போதிருக்கும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று ஸ்டேட்டஸ் கோ உத்தரவு கேட்டு எழுதியிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "சார், 'பராமரிப்பு வேலை நீங்கலாக'ன்னு ஒரு வரி சேத்துக்கிடுவோமா? மழைக்காலம் வருதுல்லா" என்றாள்.

"பராமரிப்புன்னு சொல்லிக்கிட்டு கடப்பாறையோட வருவானுவ. உனக்கு ஆவுடையப்பனைத் தெரியாது" என்றேன்.

"இருந்தாலும் சார்..."

அந்த வரியை அவள் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். ரப்பரால் நானே அழித்தேன். கடைசியில் என் வாசகம் இது: 'மேற்படி கட்டடத்தின் எந்தப் பகுதியிலும், எவராலும், எவ்விதத்திலும் கைவைக்கப்படாமல் இருக்கிறபடியே இருக்க உத்தரவிடவும்.' ஒரு ஊசி நுழைய இடமில்லை. முப்பத்தைந்து வருஷ அனுபவம் சும்மாவா.

ஆகஸ்ட் 29

ஜெயித்துவிட்டேன்.

பழைய ஹாலில் இன்றைக்குத்தான் கடைசி அமர்வு. நடுமேசையில் நின்று மாடத்தைப் பார்த்துப் பேசினேன். ஆவுடையப்பன் கத்தினான். அந்த ஹாலில் கத்தல் எடுபடாது, ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். அது அவனுக்கு இத்தனை வருஷமாகியும் புரியவில்லை. நீதிபதி ஒரு தடவைகூட என்னை "என்ன?" என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீங்க கேட்டபடியே தாரேன் மிஸ்டர் கோமதிநாயகம். ஒரு செங்கல்லும் அசையக் கூடாது. போதுமா?"

"போதும் யுவர் ஆனர்" என்றேன்.

அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உலகம்மை, "பெரிய கேஸா? பீஸ் எவ்வளவு தாராவ?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் இவளுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

செப்டம்பர் 2

புதுக் கட்டடத்தில் முதல் நாள். எங்கே பார்த்தாலும் கண்ணாடியும் வழுக்கும் தரையும். ஏதோ பேங்குக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. கூரை தலையில் இடிக்கிற உயரம், அதிலும் அட்டை ஒட்டியிருக்கிறான். ஏசி 'கும்' என்று ஒரே சத்தம். வக்கீல் மேசையில் ஒரு மைக் இருக்கிறது, அலங்காரத்துக்கு.

என் கட்சிக்காரன் தளவாயின் பாகப்பிரிவினை வழக்கு வந்தது. நீதிபதி மூன்று தடவை "சத்தமா சொல்லுங்க" என்றார். பழைய ஹாலில் என்னை அத்தனை நன்றாகக் கேட்ட அதே நீதிபதிதான். நாலாவது தடவை கேட்கவில்லை, வாய்தா போட்டுவிட்டார். தளவாய் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மைக்கைச் சரிசெய்யச் சொல்லி மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 6

தளவாய் வந்து வழக்குக் கட்டை வாங்கிக்கொண்டு போனான். ஜெபசீலியிடம் கொடுக்கிறானாம். நல்ல பெண், நன்றாக நடத்துவாள்.

முருங்கைக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 19

தினமும் பழைய கோர்ட்டுக்கு ஒரு நடை போய்வருகிறேன். கையில் வேலை குறைவு, பொழுதும் போகும். தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். பூட்டிய ஹாலை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வருவேன்.

இன்றைக்குப் போனால், அயோக்கியர்கள், பின்பக்கம் ஏணி சாத்தியிருக்கிறார்கள்! நாலு பேர். கையில் கடப்பாறை, மண்வெட்டி, சாக்கு. ஒருவன் பாதி ஏணி ஏறிவிட்டான். கத்தவில்லை, கத்த வேண்டிய அவசியமும் இல்லை. உத்தரவு நகல் எப்போதும் என் பையில் இருக்கும். அதை எடுத்து ஏணிக்கடியில் நின்று நீட்டினேன். ஏறினவன் இறங்கினான்.

"ஐயா, நாங்க வருசா வருசம் வாறதுதான்யா" என்றான் ஒருவன்.

இதற்கெல்லாம் மயங்குகிற ஆளா நான்? கோர்ட் அவமதிப்பில் உள்ளே போவாய் என்று சொல்லி, பேர், ஊர் எல்லாம் எழுதிக்கொண்டேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உடனே நகராட்சிக்கும் பொதுப்பணித் துறைக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். ராத்திரி சாப்பாடு ருசியாக இருந்தது. உலகம்மை சொதி வைத்திருந்தாள்.

செப்டம்பர் 23

பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளர் தாவூது மீரான் வீடு தேடி வந்தார். சின்ன வயசு, மரியாதையான மனிதர். நோட்டீஸைக் கையில் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு வந்தது எங்க ஆளுவதான். இடிக்க வரல. வருசா வருசம் புரட்டாசியில மேல ஏறி, சருகை அள்ளி, தண்ணி போற தூம்பைக் குத்திவிட்டு, முளைச்சிருக்கிற செடியைப் பிடுங்கிட்டு வருவாங்க. மழைக்கு முந்தி அதைச் செஞ்சாகணும்."

"செய்யச் சொல்லுங்க தம்பி. அதுக்கு நான் குறுக்க நிக்கலையே."

மீரான் நோட்டீஸை விரித்து என் மேசைமேல் வைத்தார். பிறகு, "இப்ப முடியாதுல்லா. உங்க நோட்டீஸைப் பாத்துட்டு எங்க பெரிய ஆபீசர் எழுத்துல உத்தரவு போட்டுட்டாரு. கேஸ் முடியுற வரைக்கும் ஒருத்தனும் ஏறக் கூடாதுன்னு. எவராலும், எவ்விதத்திலும்னு இருக்கு பாருங்க" என்றார்.

ஒரு வருஷம் சருகு அள்ளாவிட்டால் என்ன, நூற்றுச் சொச்சம் வருஷம் நின்ற கட்டடம்தானே என்று கேட்டேன். அவர் என் மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்து இரண்டு புத்தகத்துக்கு நடுவில் செருகிக் காட்டினார்.

"கட்டையோட தலை சுவருக்குள்ள இருக்கு அண்ணாச்சி. தூம்பு அடைச்சா மேல தண்ணி நிக்கும். நின்ன தண்ணி சுவர் வழியா இறங்கி, ஏற்கெனவே பாதி இத்துக் கெடக்கிற அந்தத் தலையைத்தான் முதல்ல நனைக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. கட்டை பாக்க நல்லாத்தான் இருக்கும்."

உலகம்மை காப்பி கொடுத்தாள். மீரான் குடித்துவிட்டுப் போனார். ஸ்கேல் இன்னும் அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 24

தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். கைப்பிடிச் சுவரில், சரியாகத் தூம்பின் வாயில், ஒரு அரசங்கன்று. சின்னதுதான். கைக்கெட்டினால் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம்.

அக்டோபர் 7

முதல் மழை. முக்கால் மணி நேரம்தான். மற்ற வருஷம் கோர்ட்டின் நாலு தூம்பிலும் தண்ணீர் சிங்கமுகம் வழியாகப் பாயும். கட்சிக்காரர்கள் அதில் கால் கழுவுவார்கள். இன்றைக்கு ஒன்றில்கூடச் சொட்டு வரவில்லை.

மழை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 10

என் உத்தரவை நானே திருத்தக் கோரி மனுத் தாக்கல் செய்தேன். 'பராமரிப்பு வேலை நீங்கலாக' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஜெபசீலிதான் டைப் செய்து தந்தாள். அந்த வரியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கோர்ட்டு வாசலில் ஆவுடையப்பனைப் பிடித்து, ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிடு, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்றேன். மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை குனிந்து காதைக் கொடுத்தான்.

"அது எப்படி வே? நாங்க கையை வச்சா கண்டெம்ப்டுன்னு நோட்டீசு விடுதீரு. கையை வைக்காம இருந்தா கையை வைன்னு மனுப் போடுதீரு. நகராட்சி என்ன சொல்லுதுன்னு கேட்டுப் பதில் மனு, கவுண்டர் போடணும். டயம் வாங்கிக்கிடுதேன்."

அவன் பொல்லாதவன் இல்லை. அவன் இடத்தில் நானிருந்தாலும் டயம்தான் வாங்கியிருப்பேன். கட்டடம் தானாக விழுந்தால் நகராட்சிக்கு இடிக்கிற வேலை மிச்சம்.

அக்டோபர் 16

கவுண்டருக்காக வாய்தா.

அக்டோபர் 24

தீபாவளி லீவு. அதிரசம் உதிர்ந்துபோயிற்று என்று உலகம்மைக்கு வருத்தம். பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். உலகம்மைதான் பேசினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன். மழை நாள் தவறாமல் பெய்கிறது.

அக்டோபர் 29

நீதிபதிக்கு மாற்றல். புது நீதிபதி வரும்வரை பொறுப்பு நீதிபதி அவசர மனுக்களை மட்டும் பார்ப்பார். அவசரம் என்று சொல்லி என் மனுவை நீட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "செடி புடுங்குறது என்ன அவசரம்?" என்று கேட்டார். ஹாலே சிரித்தது. நான் விளக்கம் சொன்னேன், சிரிப்புச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

நவம்பர் 4

புதுக் கோர்ட்டில் குடிதண்ணீர் இல்லை, கேண்டீன் இல்லை என்று வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு. தீர்மானத்தை வழிமொழிந்தவன் நான்தான். கையைத் தூக்கிச் சம்மதம் சொல்லுகிற இடத்தில் மட்டும் நான் இப்போதும் முதல் ஆள். தூக்கின கையை இறக்கும்போதுதான் நினைவு வந்தது, இந்த வாரம் என் மனு வருகிறது. ஜெபசீலி எதிர் வரிசையில் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 13

புறக்கணிப்பு முடிந்தது. புது நீதிபதி இன்னும் வரவில்லை.

பக்கத்து வீட்டுத் தொரட்டியை இரவல் வாங்கி, அதோடு இன்னொரு மூங்கிலைக் கட்டிக்கொண்டு காலையில் பழைய கோர்ட்டுக்குப் போனேன். கேட்டைப் பூட்டிப் பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். 'நீதிமன்ற உத்தரவுப்படி எவரும் உள்ளே நுழையவோ கட்டடத்தில் கைவைக்கவோ கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.' கீழே வழக்கு எண். வாதி கோமதிநாயகம் என்று என் பேரையும் போட்டிருக்கிறான்.

ரோட்டோர மதிலுக்கு வெளியே நின்று தொரட்டியைத் தூக்கினேன். அரசங்கன்று இப்போது என் கை நீளத்துக்கு வளர்ந்திருக்கிறது, தளதளவென்று. தொரட்டி பாதி உயரத்துக்குக்கூட எட்டவில்லை. கழுத்து வலிக்க வலிக்க ஆட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நின்ற ஜனம் வேடிக்கை பார்த்தது. அந்த வழியாக ஸ்கூட்டரில் போன ஜெபசீலி வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள்.

"சார், என்ன செய்யுதீங்க? யாராவது போட்டோ எடுத்தா உங்க உத்தரவை நீங்களே மீறினதா ஆயிரும். கேஸே போயிரும் சார்."

தொரட்டியை அவள்தான் வாங்கி மதிலில் சாய்த்தாள். இருவரும் டீ குடித்தோம். மேலே ஏறி அதைப் பிடுங்க நாலு பேர் வந்தார்களே என்று சொன்னேன். "விடுங்க சார்" என்றாள்.

நவம்பர் 20

புது நீதிபதி வந்துவிட்டார். சின்ன வயசு அம்மா, கண்டிப்பும் பொறுமையும் உள்ளவர். கடைசியில் என் மனு அழைக்கப்பட்டது. எழுந்து பேசினேன். மீரான் சொன்னது, தூம்பு, கட்டையின் தலை, எல்லாவற்றையும் வரிசையாகத் தயாரித்து வைத்திருந்தேன்.

"கொஞ்சம் சத்தமா சார்."

சத்தமாகப் பேசினேன்.

"சார், மைக்கைப் பக்கத்துல வச்சுக்கிடுங்க."

மைக்கை விழுங்காத குறை. ஏசியை அணைக்கச் சொன்னார் அந்த அம்மா. அணைத்தார்கள். பின்னால் யாரோ இருமினான். நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தில் எரிச்சல் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கம் வந்தது. "எழுத்துல கொடுத்திடுங்க சார். அடுத்த வாரம் பாக்கேன்" என்றார்.

வெளியே வந்ததும் ஜெபசீலி, "அடுத்த வாய்தாவுக்கு நான் பேசட்டுமா சார்?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை போய்விட்டது என்று ஊரெல்லாம் தமுக்கடி என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அது மட்டும் முழுசாகக் கேட்டது. கண்ணில் நீர் முட்டிவிட்டது அவளுக்கு.

இங்கே எழுதினால் யாருக்கும் கேட்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன். கம்மல் இல்லை. ஒரு பக்கக் குரல் நரம்பு செத்துவிட்டது, இனி வராது என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் நான்கு வருஷம் நான் வக்கீலாக இருந்தது அந்த ஹாலுக்குள் மட்டும்தான். மார்க்கெட்டில், போனில், கல்யாண வீட்டில், எங்கேயும் என் பேச்சு எடுபடாது. நடுமேசைக்குப் போய் நின்றால் மாடம் என்னை எடுத்துக்கொள்ளும். அதை விடக்கூடாது என்றுதான் ஒரு செங்கல்லும் அசையக்கூடாது என்று கேட்டேன். வரலாறாவது, கலையழகாவது.

உலகம்மை அறைக்கு வந்து, "என்ன எழுதிக்கிட்டே இருக்கிய? சாப்பிட வாங்க" என்றாள். அவளுக்கு மட்டும் நான் எப்படிப் பேசினாலும் கேட்கிறது. எப்படி என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை.

நவம்பர் 23

ஜெபசீலி வீட்டுக்குப் போய் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அம்மா பனங்கற்கண்டு போட்டுப் பால் தந்தார்.

நவம்பர் 27

ஜெபசீலி பேசினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் எழுதிய வாசகங்கள் அவள் வாயில் நன்றாகத்தான் இருந்தன. ஸ்கேலை இரண்டு புத்தகத்துக்கு நடுவில் செருகி நீதிபதிக்குக் காட்டினாள். அது நான் சொல்லிக்கொடுத்தது. ஆவுடையப்பன் கவுண்டரில் உள்ளதை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்தான். உத்தரவு டிசம்பர் நாலாம் தேதி.

ஒரு வாரம். மீரான் ஆட்களைத் தயாராக வைத்திருக்கிறாராம். உத்தரவு கைக்கு வந்த அன்றைக்கே ஏணி போட்டுவிடலாம் என்று சொன்னார். சந்தோஷமாக இருக்கிறது. உலகம்மைக்கு மாவு அரைத்துத் தந்தேன்.

டிசம்பர் 1

காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். நேற்றிலிருந்து விடவில்லை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு. கறுப்புக் கோட்டை இஸ்திரிக்குப் போட முடியவில்லை.

டிசம்பர் 2

மழை. குடையோடு போய் கேட்டுக்கு வெளியே நின்றேன். ஜன்னல் கதவு ஒன்று காற்றில் திறந்து கிடந்தது. உள்ளே மாடம் தெரிந்தது, சுண்ணாம்பு மெருகு மங்காமல். அதன் மேல் ஓரத்தில் ஒரு ஈரக் கோடு. கறுப்புக் கோட்டு மாட்டிய முதல் நாளில் மாடத்தில் என் கையை வைத்துப் பார்த்தது ஞாபகம் வந்தது, அவ்வளவு வழவழப்பு.

மீரானுக்குப் போன் செய்தேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. உலகம்மை வாங்கி, "தம்பி, இன்னைக்கே ஏறிப் பாக்க முடியுமான்னு கேக்காவ" என்றாள். அவர் ஏதோ சொன்னார். "உத்தரவு இல்லாம முடியாதாம்" என்று என்னிடம் சொன்னாள்.

டிசம்பர் 3

விழுந்துவிட்டது. பிற்பகல் மூன்று மணி வாக்கில். உள்ளே யாருமில்லை, யாருக்கும் அடி இல்லை. நான் போகும்போது போலீஸ் கயிறு கட்டியிருந்தது. ஹாலின் கூரை மொத்தமாக உட்கார்ந்து, பின்சுவரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மாடம் இருந்த இடத்தில் பின்னால் இருக்கும் பெட்ரோல் பங்க் தெரிகிறது.

ஒரு தேக்குக் கட்டை ரோட்டோரம் வரை வந்து கிடந்தது. நடுப்பகுதி புத்தம் புதுசு மாதிரி இருந்தது. தலை மட்டும் கறுத்து, விரல் வைத்தால் பிட்டு மாதிரி உதிர்ந்தது. மீரான் என் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார். இடிபாட்டை அள்ளலாமா என்று நகராட்சி ஆள் கேட்டான். அதற்கும் உத்தரவு வேண்டும் என்று மீரான் சொன்னார்.

கைப்பிடிச் சுவரின் ஒரு துண்டு மட்டும் மூலையில் நிற்கிறது. அரசங்கன்று அதில்தான் இருக்கிறது.

டிசம்பர் 4

பதினொன்றரைக்கு அழைத்தார்கள். நீதிபதி உத்தரவை முன்னதாகவே டைப் செய்து வைத்திருந்தார். வாசித்தார்: மனு அனுமதிக்கப்படுகிறது, தூம்புகளைச் சுத்தம் செய்யவும் முளைத்த செடிகளை அகற்றவும் தடையில்லை. 'பராமரிப்பு வேலை நீங்கலாக' என்ற வரி அதில் இருந்தது.

ஆவுடையப்பன் எழுந்தான். கேலியில்லை, கத்தலுமில்லை. கட்டடம் நேற்று விழுந்துவிட்டது என்று ஒரு மெமோ கொடுத்தான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் படித்தார். நேற்று அவர் லீவாம், தெரியாதாம். "அப்படின்னா வழக்கிலே மிச்சம் ஒண்ணுமில்லை. தள்ளுபடி பண்ணுறதைத் தவிர வழியில்லை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வாதி ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

ஜெபசீலி பேச எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு எழுந்தேன்.

"யுவர் ஆனர், சுத்தம் பண்ண வந்த ஆட்களை விரட்டினது நான். கட்டடம் விழுந்தது என்னாலதான். அதை ரிக்கார்டுல எழுதிக்கிடுங்க."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நீதிபதி முன்னால் சாய்ந்து, "சார், கேக்கலை" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். என்னால் ஆன மட்டும் சொன்னேன். எழுத்தர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். நீதிபதி ஜெபசீலி பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொல்லுறாரு?"

ஜெபசீலி என் தோளை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குக் கேட்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"சொல்லுறதுக்கு ஒண்ணும் இல்லைங்காரு, யுவர் ஆனர்."

நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.